கோட்டை கரைஞ்சு போச்சு... புத்தகம் தப்பிச்சிருச்சு!

கோட்டைன்னதும் செஞ்சி, வேலூர்னு கருங்கல்லா கண் முன்னாடி வந்து நிக்குதா ஃப்ரெண்ட்ஸ்? இந்த வாரம் நாம பார்க்கப்போற கோட்டைக்கு மதில் கிடையாது, அகழி கிடையாது. சொல்லப்போனா, கோட்டையே இப்ப கிடையாது!

ஊர், புன்னக்காயல். தாமிரபரணி கடலில் கலக்கும் இடம். பாண்டியர் காலத்துக் கொற்கை தெரியும்ல? ஆறு கொண்டுவந்த வண்டல் சேரச் சேர, கடல் தள்ளிப் போச்சு. கொற்கை இன்னிக்கு கடலைவிட்டு சில கிலோமீட்டர் உள்ளே கிடக்குது. துறைமுகமும் கடலைத் துரத்திக்கிட்டே பழையகாயலுக்கு நகர்ந்து, அப்புறம் புன்னக்காயலுக்கு வந்துச்சு. 16-ம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையைப் பிடித்த போர்த்துகீசியர்கள் இங்கேதான் டேரா போட்டார்கள். கோட்டையும் கட்டினார்கள். மண் கோட்டை!

'மண்ணா?'னு சிரிக்காதீங்க பாஸ். உயரமான கல் சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் சிதறும், சுவர் சரியும். தடிமனான மண் சுவரோ குண்டை அப்படியே உள்ளே வாங்கி அமுக்கிடும். பிரான்ஸின் கோட்டை மன்னன் வோபான் கணக்கும் இதுதான்... சுவர் தாழ்வா, தடிமனா, உள்ளே மண் நிரப்பி இருக்கணும். 1700-களின் தொடக்கத்தில் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஐங்கோணக் கோட்டை கட்டியதும் அந்தப் பாணியில்தான்.

மண்ணுக்கு எதிரி மழை. ஒவ்வொரு மழைக்கு அப்புறமும் பூசி, இடித்துச் சரிபண்ண ஆள் வேணும். ஆள் நகர்ந்தா கோட்டையும் நகர்ந்திடும். 1553-ல் மலபார் கடற்படை புன்னக்காயலைப் பிடித்தது. போர்த்துகீசியர்கள் மறுபடி ஊரை மீட்டாலும், பின்னால் அவர்களின் முக்கியத் தளம் தூத்துக்குடிக்கு மாறிடுச்சு. மண் மண்ணோடு போச்சு. பாண்டிச்சேரிக் கோட்டை மட்டும் என்ன வாழ்ந்துச்சு? 1761-ல் ஆங்கிலேயர்கள் அதைத் தரைமட்டமாக்கினார்கள்.

ஆனா, இதே புன்னக்காயலில் இன்னொரு 'கட்டுமானம்' நடந்துச்சு. அண்ட்ரிக் அடிகளார் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் தமிழ் படித்தார், தமிழ் எழுத்துகளை அச்சில் வார்க்க வைத்தார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சானது. வெறும் 16 பக்கம். 1586-ல் வந்த 'அடியார் வரலாறு' 600 பக்கத்துக்கு மேல். அது அச்சானது புன்னக்காயலில்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அந்தப் புத்தகம் எங்கே கிடைச்சுது தெரியுமா? வாத்திகன் நூலகத்தில்! அச்சடிச்ச ஊரில் இல்லை. 1967-ல் இராசமாணிக்கம் அடிகள் அதைப் பதிப்பித்த பிறகுதான் நம்ம கைக்குத் திரும்பி வந்தது.

சுவர் ஒண்ணே ஒண்ணுதான். இடிஞ்சா முடிஞ்சுது. புத்தகம் பல பிரதி. ஒண்ணு தப்பினாலும் போதும், மொத்தமும் மீண்டு வந்திடும்.

உங்க ஊரிலும் ஒரு பழைய சத்திரமோ, கலங்கரை விளக்கமோ, கல் மண்டபமோ கரைஞ்சுக்கிட்டு இருக்கும். அதை நிறுத்துற காசு நம்மகிட்ட இல்லை. ஆனா டேப் இருக்கு, கேமரா இருக்கு, சிவில் படிக்கிற நண்பன் இருக்கான். நீளம், அகலம், உயரம் அளந்து, படம் வரைந்து, ஊர்ப் பெரியவங்க சொல்றதையும் எழுதி நாலு இடத்துல வெச்சிடுங்க. ஒரே ஞாயிற்றுக்கிழமை வேலை!

அடுத்த வாரம் வேற ஊரில் சந்திப்போமா?