தபால்காரர் போட்ட ஆல்பம்

"ஆல்பம் போடணும்னா முதல்ல நல்ல மைக் வேணும், ஸ்டுடியோ வேணும்" என்று ஹாஸ்டலில் அடிக்கடி பேசுவோம். ஜான் பிரைனைக் கேட்ட பிறகு அதெல்லாம் வெறும் சாக்குன்னு தோணுது.

அமெரிக்காவில், சிகாகோ பக்கத்தில் தபால்காரராக இருந்தவர். வீடு வீடாகக் கடிதம் போட்டுக்கொண்டே மனசுக்குள் பாட்டு கட்டினார். 1971-ல் முதல் ஆல்பம் வந்தபோது வயது 24தான். கன்ட்ரி வாசம் வீசும் ஃபோக்-ராக். ட்யூன் ரொம்ப சிம்பிள். ஆனா யாரைப் பாடுகிறார்? வியட்நாம் போரிலிருந்து போதைப் பழக்கத்தோடு வீடு திரும்பிய சிப்பாயை. பிள்ளைகள் போன பிறகு பேச ஆளில்லாத வயசான தம்பதியை.

அந்த வயசுல முதுமையைப் பாடணும்னா, மனுஷங்களை நின்னு பார்த்திருக்கணும். மைக் அப்புறம் வாங்கலாம். தினமும் நமக்குச் சோறு போடுற மெஸ் அண்ணா பேரு என்னன்னு தெரியுமா?