இலைக்கோழிச் செலவுக்கு



போன மாதம் நம் இதழின் கணக்கில் ஐந்நூறு ரூபாய் வந்து விழுந்தது. அனுப்பியவர் யாரென்று பிடிபடவில்லை. குறிப்பு எழுதும் இடத்தில் 'இலைக்கோழிச் செலவுக்கு' என்று மட்டும் இருந்தது. சென்ற இதழ் அட்டையில் வந்த நீளவால் இலைக்கோழியைச் சொல்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

உண்மையாகவே அந்தக் கோழிக்குச் செலவு உண்டு. நம் ஓவியர் நான்கு விடியற்காலைகள் கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தார். முதல் மூன்று நாளும் வரைந்தது விரல்களை மட்டும்தான். அல்லி இலைமேல் அமுங்காமல் நடக்க, உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் விரல்கள்! நான்காம் நாள், அடைகாத்துக்கொண்டிருந்த பறவையை வரைந்து, ஓரத்தில் 'தாய்' என்று எழுதினார். கூடப் போயிருந்த ஆய்வு மாணவி அதை அடித்துவிட்டு 'தகப்பன்' என்று திருத்தினார். இந்த இனத்தில் அடைகாப்பதும் குஞ்சுகளைக் கூட்டித் திரிவதும் ஆண்தான். ஓவியமும் ஆய்வும் ஒரே கரையில் உட்கார்ந்ததால் நடந்த திருத்தம் அது. இருவருக்கும் பஸ் கட்டணம், தங்கும் அறை, தாள், சிறு சன்மானம்: இவைதாம் இலைக்கோழிச் செலவு.

இப்படி ஒரு செலவை வாசகர்கள் ஏற்பது புதிதல்ல. அமெரிக்கப் பறவைகளை அவற்றின் நிஜ அளவிலேயே வரைந்த ஜான் ஜேம்ஸ் ஆடுபன், 1826இல் படங்களோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். தவணைக்கு ஐந்து படங்கள் என்று சந்தா பிடித்தார். பெரிய பறவை ஒன்று, நடுத்தரம் ஒன்று, சிறியவை மூன்று. நடுவில் நின்றுபோனவர்களும் உண்டு. ஆனாலும் 1827 முதல் 1838 வரை 87 தவணைகளில் 435 படங்களும் வந்து முடிந்தன. வரைவதற்காகப் பறவைகளைச் சுட்டவர் என்பதால் அவரைக் கும்பிட வேண்டியதில்லை. சந்தாதாரர்களின் பொறுமையைக் கும்பிடலாம்.

நம் பக்கத்திலும் உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சேறாத நூலுக்கு முன்கூட்டியே ஆதரவு திரட்டினார். அதற்கு அன்றைய பெயர் 'கையொப்பம்'. சந்தா என்பதைவிட எனக்கு இந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது. சந்தா என்றால் கைக்கு வரும் இதழின் விலை. கையொப்பம் என்றால் இன்னும் நடக்காத வேலைமேல் வைக்கும் நம்பிக்கை.

'விளம்பரம் வாங்கலாமே?' என்று கேட்கிறீர்கள். வராமல் இல்லை. சென்ற ஆண்டு வந்த ஒன்றில், பால்கனியிலிருந்து ஏரி தெரியும் என்று போட்டிருந்தது. அதே ஏரியின் வரத்துக்கால் எங்கே போயிற்று என்ற கட்டுரை அப்போது அச்சில் இருந்தது. விளம்பரத்தைத் திருப்பி அனுப்பினோம். அந்த மாதம் அச்சகத்துக்குப் பாக்கி வைத்தோம்.

அதனால்தான் இந்த இதழிலிருந்து ஆதரவாளர் சந்தா தொடங்குகிறோம். முடிந்ததைக் கொடுங்கள். எந்தக் கரைக்கு யார் போனார், என்ன செலவாயிற்று என்ற கணக்கு இதழ்தோறும் கடைசிப் பக்கத்தில் வரும். கொடுக்க முடியாதவர்கள் படித்துவிட்டு, இதழை ஊர் நூலகத்தில் வைத்தால் போதும்.

ஐந்நூறு ரூபாய் அனுப்பியவருக்கு ஒரு வார்த்தை: முகவரி தெரிவியுங்கள். விரல்கள் மட்டும் உள்ள அந்தப் பென்சில் தாள்களில் ஒன்றை ஓவியர் உங்களுக்கென்று எடுத்துவைத்திருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்