பிடிச்சா என்ன நடக்கும்? டைஸ் உருள்றதுக்கு முன்னாடி சொல்லுங்க!

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுற ஒரு கும்பலைக் கலைக்க பெரிய டிராகன் எல்லாம் தேவையில்லை. யாராவது ஒருத்தர் "நான் அவனைக் கட்டிப் பிடிக்கிறேன்"னு சொன்னா போதும். அடுத்த அரை மணி நேரம் பிடிஎஃப்ல தேடுறதும் பஞ்சாயத்துமா போயிடும். கதை அங்கேயே நிக்கும்.

இதுக்கு என் தீர்ப்பு சிம்பிள். புக் தெளிவா சொல்ற இடத்துல புக் சொல்றதுதான். புக் வாயைத் திறக்காத இடத்துல, டைஸ் உருள்றதுக்கு முன்னாடியே டி.எம். ஒரு முடிவு சொல்லணும். அந்த முடிவு நமக்கும் எதிரிக்கும் ஒண்ணா இருக்கணும்.

ஆடாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட விளையாட்டு இது. ஒருத்தர் டி.எம்., கதை சொல்றவரும் நடுவரும் அவர்தான். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். ஜெயிப்போமா தோப்போமான்னு சந்தேகம் வந்தா டி20 உருட்டுவாங்க (கிரிக்கெட் இல்லை, இருபது முகப் பகடை).

இப்போ கிராப்பிள். 2014-ல் வந்த 5-ஆம் பதிப்பு கேட்கிறது கொஞ்சம்தான். உங்க ஒரு கை காலியா இருக்கணும். எதிரி உங்களைவிட ஒரு சைஸுக்கு மேல பெரிசா இருக்கக் கூடாது. உங்க அத்லெடிக்ஸ் ஒரு பக்கம், அவனோட அத்லெடிக்ஸ் அல்லது அக்ரோபாட்டிக்ஸ் மறுபக்கம். நீங்க ஜெயிச்சா அவன் வேகம் பூஜ்யம். அவ்வளவுதான்! அவன் வாள் வீசலாம், மந்திரம் சொல்லலாம். 2024 புத்தகம் இதைக் கொஞ்சம் மாத்தியது: பிடிபடுறவன் ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ்டெரிட்டி சேவ் உருட்டணும், மாட்டினா, பிடிச்சவரைத் தவிர வேற யாரைத் தாக்கினாலும் அவனுக்கு டிஸ்அட்வான்டேஜ்.

சண்டை ஏன் வருது? 'கிராப்பிள்'னு கேட்டதும் நம்ம மண்டைக்குள்ள ஓடுறது கபடி. நாலு பேர் மேல விழுந்து அமுக்குற காட்சி. புத்தகம் சொல்றதோ சட்டைக் காலரைப் பிடிச்சு நிறுத்துற அளவுதான். அந்த இடைவெளியிலதான் எல்லாக் கேள்வியும் முளைக்குது.

முதல் வகைக் கேள்வி: எதிரியைக் கீழே தள்ளிட்டுப் பிடிச்சுக்கிட்டா அவன் எழ முடியுமா? எழுந்திருக்க பாதி வேகம் செலவாகும். வேகமே பூஜ்யம்னா எழவே முடியாது. இது ஓட்டை இல்லை, ரெண்டு விதியைக் கூட்டினா வர்ற விடை. தன்னோட பாஸ் வில்லன் தரையில கிடக்கிறானேன்னு டி.எம். இதை மாத்தினா அது அழுகுணி ஆட்டம்.

ரெண்டாவது வகைதான் நிஜமான குழப்பம். ஸ்பைக் க்ரோத்னு ஒரு மந்திரம், தரை முழுக்க முள் முளைக்கும். 2014 விதிப்படி அதுல நகர்ற ஒவ்வொரு 5 அடிக்கும் ரெண்டு நாலுமுகப் பகடை அளவு சேதம். பிடிச்ச எதிரியை அதுக்குள்ள 15 அடி தரதரன்னு இழுத்தா ஆறு பகடை, சராசரியா 15 பாயின்ட். "நகர்றதுன்னா அவனா நடக்கணும்"னு ஒரு கட்சி. "இழுபட்டாலும் முள் குத்தாதா?"ன்னு இன்னொரு கட்சி. வார்த்தையை மட்டும் பிடிச்சுத் தொங்கினா ரெண்டு கட்சிக்கும் ஆதாரம் கிடைக்கும். நான் ரெண்டாவது கட்சி. ஆனா அடுத்த வாரம் ஒரு ஓகர் உங்க விசார்டை அதே முள்ளுல இழுத்துட்டுப் போனா "அநியாயம்"னு கத்தக் கூடாது.

மூணாவது, புக்ல இல்லவே இல்லாதது. "அவன் வாயைப் பொத்துறேன், மந்திரம் சொல்ல முடியாது." நல்ல ஐடியாதான். டி.எம். என்ன சொல்லலாம்? "இன்னொரு கை காலியா வேணும், இன்னொரு உருட்டல் வேணும். ஆனா இனிமே கோப்ளின்களும் இதைச் செய்யும். ஓகேயா?" இந்த ஒரு கேள்விக்குப் பிறகு பாதிப் பேர் தானாவே பின்வாங்கிடுவாங்க. மீதிப் பேர் முழு மனசோட உருட்டுவாங்க. ரெண்டுமே நல்லதுதான்.

"புக்ல இல்லைன்னா முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிடலாமே?"ன்னு கேட்பீங்க. புக்கே வழுக்கின கதை உண்டு. 2014 புத்தகத்துல கிராப்ளர்னு ஒரு ஃபீட். அதோட கடைசி வரி, உங்களைவிட ஒரு சைஸ் பெரிய எதிரி இனிமே தானாகவே தப்பிச்சிட முடியாதுன்னு சலுகை கொடுத்தது. ஆனா அப்படித் தானாகத் தப்பிக்கலாம்னு அந்தப் புத்தகத்துல விதியே கிடையாது! பிறகு திருத்தத்தில் அந்த வரியைத் தூக்கிட்டாங்க. சரி, எல்லாத்தையும் எழுதி வெச்சா தீருமா? 2003-ல் வந்த 3.5 பதிப்பு அதையும் செஞ்சு பார்த்தது. தொடுறதுக்கு ஒரு உருட்டல், பிடிக்க ஒரு உருட்டல், ஒவ்வொரு சைஸ் வித்தியாசத்துக்கும் 4 பாயின்ட், பிடிக்குள்ள என்னென்ன செய்யலாம்னு தனிப் பட்டியல். ஒருத்தரைப் பிடிக்கிறதுக்குள்ள மத்தவங்க டீ குடிச்சிட்டு வந்துடலாம்.

இதுல போறது வெறும் விதி மட்டும் இல்லை. முடிவு முன்னாடியே தெரியலைன்னா, டேபிள்ல யார் சத்தம் அதிகமோ அவங்க சொல்றதுதான் விதி. புதுசா வந்த ஒருத்தர் தயங்கித் தயங்கி ஒரு ஐடியா சொல்றார். நாலு பேர் பிடிஎஃப்பை எடுத்து அதைக் கொன்னுடுறாங்க. அப்புறம் அவர் முறை வரும்போதெல்லாம் "அடிக்கிறேன்" தவிர வேற வார்த்தை வராது. ரெண்டு வாரத்துல ஆளே வரமாட்டார்.

அதனால டி.எம். மக்களே, ஒரு நிமிஷத்துல முடிவு சொல்லுங்க, ஒரு நோட்டுல எழுதி வைங்க, வாதத்தை ஆட்டம் முடிஞ்ச பிறகு வெச்சுக்கோங்க. பிளேயர்களே, 2023-லேயே 5-ஆம் பதிப்போட அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ்ல இலவசமா விட்டுட்டாங்க. கிராப்பிள் ரெண்டு மூணு பத்திதான். ஆட்டத்துக்கு உட்காரும் முன்னாடியே எல்லாரும் ஒருதடவை படிச்சிட்டு வாங்க, ரூல்ஸ் லாயர் மட்டும் படிச்சா பத்தாது.