குருவி பார்த்தால் வலி போய்விடுமா?

அடிபட்ட பெண் எந்நேரமும் அழுதுகொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கொஞ்சம் சிரித்துவிட்டால் போதும், "இவளுக்கு எதுக்கு நஷ்டஈடு?" என்று கேட்டுவிடுகிறார்கள். இதைப் பற்றி நம் சகோதரிகளிடம் மனம் விட்டுப் பேசவே இந்தக் கடிதம்.

மூன்று வருடங்களுக்கு முன் காய்கறி வாங்கிக்கொண்டு ரோட்டோரமாக வந்த என்னை ஒரு வேன் இடித்துத் தள்ளியது. இடுப்பும் வலது தொடை எலும்பும் முறிந்து இரண்டு ஆபரேஷன் ஆனது. உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் தரையில் உட்கார முடியாது. அடுப்படியில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. கோலம் போடுவது, குடம் தூக்குவது எல்லாம் போயே போச்சு. விபத்து நடந்த நான்காம் மாதமே வேன் உரிமையாளர் மீதும் இன்சூரன்ஸ் கம்பெனி மீதும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டோம். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டு மாடியில் இருந்து அயனம்பாக்கம் ஏரி தெரியும். கைத்தடியோடு நடக்க ஆரம்பித்த நாட்களில், பொழுது போகாமல் அங்கே நாற்காலி போட்டு உட்காருவேன். தம்பி மகன் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தான். கொக்கு, நாரை தவிர வேறு பெயர் தெரியாத எனக்கு இன்று நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி, கூழைக்கடா எல்லாம் அத்துப்படி. மடையான் கரையில் நிற்கும்போது மண்ணோடு மண்ணாகத் தெரியும். பறந்தால்தான் அதன் வெள்ளைச் சிறகு தெரியும். அதைப் பார்க்கிற நேரம் வலியை மறந்திருப்பேன். மறந்திருப்பேனே தவிர, வலி போய்விடவில்லை.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், "மாடியேறிப் போய் தினமும் குருவி பார்க்கிறீங்களாமே, அப்புறம் என்ன ஊனம்?" அடுத்த கேள்வி, "வேலைக்குப் போறவங்களா நீங்க? வருமானம் என்ன நஷ்டம்?" வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்தில் வேறு மாதிரி புத்திமதி. "கேஸ் முடியற வரைக்கும் அந்த பைனாகுலரை எடுத்து உள்ளே வைக்கா. சந்தோஷமா இருக்கறதை யாராவது பார்த்தா தொகை குறைஞ்சிடும்!"

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொய்க் கேஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் கேள்வி கேட்க வேண்டியதுதான். எக்ஸ்ரேயைப் பாருங்கள், டாக்டரைக் கேளுங்கள். ஆனால் பறவை பார்ப்பது உட்கார்ந்து செய்கிற காரியம். அதை வைத்து நான் நின்று சமைக்க முடியும் என்று எப்படிச் சொல்வது?

சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், உடலில் எத்தனை சதவீத ஊனம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள், அந்த ஊனத்தால் அவர் செய்துவந்த வேலை எவ்வளவு பாதிக்கிறது என்று பாருங்கள் என்றது. இடது கையை இழந்த டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடும். குமாஸ்தா வேலையில் தொடரலாம் என்று உதாரணமும் காட்டியது. மருத்துவச் செலவு, வருமான இழப்பு தவிர, வலிக்கும் வேதனைக்கும், வாழ்க்கையில் அனுபவித்து வந்தவற்றை இழந்ததற்கும் தனித்தனியாக ஈடு உண்டு என்றது.

"வீட்டில் சும்மா இருப்பவள்" என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. விபத்தில் தாயை இழந்த ஒரு சிறுமியின் வழக்கில், 2009-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இல்லத்தரசியின் உழைப்புக்குள்ள மதிப்பை விரிவாக எழுதினார். 2021-ல் உச்ச நீதிமன்றமும் இல்லத்தரசிக்கு வருமானம் கணக்கிடுவதை வலியுறுத்தியது. வீட்டு வேலையே முக்கிய வேலை என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொன்ன பெண்கள் சுமார் 16 கோடி. ஆண்கள் சுமார் 58 லட்சம் என்று அந்தத் தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டது. இல்லத்தரசியின் வருமானத்தைத் தினக்கூலியை விடக் குறைவாக எப்படி மதிப்பிடலாம் என்று 2024-ல் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் கேட்டது. நம் உழைப்புக்கு நீதிமன்றம் மதிப்புத் தருகிறது. நாமே "நான் சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லலாமா?

எனவே சகோதரிகளே, நமக்கோ நம்மைச் சேர்ந்தவர்களுக்கோ இப்படி ஒரு கஷ்டம் வந்தால் "தலைவிதி" என்று இருந்துவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், ஆட்டோ செலவு, வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்த சம்பளம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் அமலான திருத்தத்தின்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கேட்க உரிமை உண்டு.

நீதிமன்றத்தில் இருப்பதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். "ஆமாம், குருவி பார்க்கிறேன். ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன்" என்றே நான் சொன்னேன்.

பைனாகுலரை உள்ளே வைக்கவும் இல்லை. 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். வீட்டு மாடியில் இருந்து பதினைந்து நிமிஷம் பார்த்து எழுதினாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். நடக்க முடியாதவர்களும் கலந்துகொள்ளலாம்.

நஷ்டஈடு என்பது நாம் இழந்ததற்கான கணக்கு. மிச்சம் இருக்கிற சந்தோஷத்தை அதில் கழிக்க யாருக்கும் உரிமை இல்லை. என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு இல்லத்தரசி,
அயனம்பாக்கம், சென்னை.