தோத்தாலும் நம்ம டீம்

டிவியில கால்பந்து பார்த்து, ஜெயிக்கிற டீமுக்குக் கைதட்டுற ரகம் நான். இந்த வருஷம் ஒண்ணு, அடுத்த வருஷம் வேறொண்ணு. என்னை மாதிரி ரிமோட் பார்ட்டிகளை ரசிகன்னு சொல்றதே தப்புங்க. அந்தப் பேரு பெர்லினோட சின்ன கிளப்பான யூனியன் பெர்லின் ஆளுங்களுக்குத்தான் பொருந்தும்.

2004-ல் கிளப் காசில்லாம தவிச்சப்ப, ரத்தம் கொடுத்து அதுல கிடைச்ச பணத்தைக் கிளப்புக்குத் தந்தாங்க. 2008-09-ல் ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க ரெண்டாயிரம் பேருக்கு மேல சம்பளமில்லாம வேலை செஞ்சாங்க. (வீக்கெண்ட் ஆபீஸ் வான்னாலே நான் மூக்கால அழுவேன்.) அங்க இப்பவும் முக்கால்வாசிப் பேர் நின்னுக்கிட்டேதான் மேட்ச் பாக்கறாங்க.

2019 ஆகஸ்ட்ல, ஜெர்மனியின் முதல் டிவிஷனான புன்டெஸ்லிகாவில் அவங்களோட முதல் மேட்ச். இந்த நாளைப் பாக்காமலே செத்துப்போன ரசிகர்களோட போட்டோவைப் பெருசு பண்ணி, நூத்துக்கணக்கில தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. அவங்களும் மேட்ச் பாக்கணுமாம். அந்தப் படத்தைப் பார்த்துட்டு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரலை.

மேட்ச்சா? லைப்சிக் டீமிடம் 0-4. நானா இருந்தா ரெண்டாவது கோலுக்கே சேனல் மாத்தியிருப்பேன்.