பழைய கதவு, புது ரூம்: திருத்தணி கூட்டத்துக்கு மணவூரில் இடம் கிடைக்குமா?

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் ரூம் தேடி அலைந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். டிசம்பர் 31 அன்று 365 படிகளுக்கும் பூஜை நடக்கும்போதும் இதே கதைதான். திருவிழா முடிந்தால் கூட்டம் வடிந்துவிடும். சில நாள் கூட்டத்தை நம்பி பெரிய ஹோட்டல் கட்ட யார் முதல் போடுவார்?

அதனால்தான் சின்ன அறை என்ற யோசனை. சென்னை - அரக்கோணம் லைனில் உள்ள மணவூரை எடுத்துக்கொள்வோம். அடுத்த ஸ்டேஷன் ரத்தின சபை இருக்கும் திருவாலங்காடு; அரக்கோணம் தாண்டினால் திருத்தணி. இங்கே ஒருவர் தன் வீட்டுப் பின்பக்கம், இடித்த வீட்டுச் சாமான்களை வைத்து பத்துக்குப் பத்து அடியில் அறை போட முடியுமா?

முன்மாதிரி இருக்கிறதா?

பெரிய அளவில் இருக்கிறது. கேரளத்தின் குமரகத்தில் 'கோகனட் லகூன்' விடுதி, பழைய மர வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கோத்து உருவானது. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடே இடம்பெயர்ந்து நிற்கிறது.

சின்ன இடத்துக்கு ஜப்பான்தான் வழி காட்டியது. 1979-ல் ஒசாகாவில் கேப்சூல் ஹோட்டல் வந்தது. மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனில் 2021-ல் 'பாட்' ஹோட்டல் திறந்தார்கள். தனியாக வருபவருக்கு அது ஓகே. மொட்டை போட பாட்டி, குழந்தை என்று ஆறு பேராக வருகிற குடும்பத்தை ஆளுக்கொரு பெட்டியில் படுக்க வைக்க முடியுமா என்ன?

நம்ம திண்ணைதான் இதற்குச் சரியான விடை. சுவரை ஒட்டி நீளமாக ஒரு மேடை. பகலில் உட்காரலாம், ராத்திரி பாய் விரிக்கலாம், அடியில் பெட்டி வைக்கலாம். நடுவில் மடக்குக் கதவு போட்டால் ஒரே அறை இரண்டாகும்.

சாமான் எங்கே கிடைக்கும்?

இங்கேதான் சிக்கல். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வீட்டைப் பிரித்தால் செங்கல் முழுசாக வரும். சிமென்ட் பூச்சு என்றால் செங்கல்லே உடையும். தேக்கு உத்திரம், ஜன்னல், நாட்டு ஓடு எல்லாம் பழைய வீடுகளில்தான். அவை குறைந்துகொண்டே வருகின்றன.

சட்டமும் பெரிய இடத்தையே பார்க்கிறது. 2016 கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள், ஒரே நாளில் 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு வந்தால், மரம், கம்பி, செங்கல் என்று தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னது. 2025-ல் வந்த புது விதிகளின் உற்பத்தியாளர் பொறுப்பு 20,000 சதுர மீட்டரில் தொடங்குகிறது. ஊரில் இடிபடும் ஓட்டு வீடு இந்தக் கணக்கிலேயே வராது. மரம் வியாபாரியிடம் போகும், மிச்சம் ஏரிக்கரையில் கொட்டப்படும்.

சாமான் மலிவாகக் கிடைத்தாலும் தச்சர் கூலி மலிவில்லை. கரையான் பார்க்கணும், ஆணி பிடுங்கணும், குட்டையான பழைய நிலைக்குக் கீழே கல் கொடுத்து உயர்த்தணும். இன்னொன்று: கதவையும் ஜன்னலையும் முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ப பிளான் போடணும். பிளானைப் போட்டுவிட்டு அதே அளவில் பழைய ஜன்னல் தேடினால் கிடைக்காது.