கட்டிப்பிடித்துக் கொல்லும் பன்யிப்

1845 ஜூலை. ஆஸ்திரேலியாவின் ஜீலாங் ஊரில் வெளிவந்த ஒரு செய்தித்தாள், படித்தவர்களின் தூக்கம் கெடும்படி ஒரு செய்தி போட்டது. பெரிய எலும்பு ஒன்று கிடைத்திருக்கிறது. ஏதோ ஒரு ராட்சத விலங்கின் முழங்கால் மூட்டுத் துண்டு. அதைப் பூர்வகுடி மனிதர் ஒருவரிடம் காட்டினார்கள். அவர் யோசிக்கவே இல்லை. 'பன்யிப்' என்றார். படமும் வரைந்து காட்டினார். மற்றவர்களிடம் காட்டியபோதும் அதே பெயர்தான். இன்னொருவர் தன் மார்பில் இருந்த ஆழமான தழும்புகளைக் காட்டி, "இது பன்யிப் கீறியது" என்றாராம்.

ஆள் எப்படி இருக்கும்? ஈமு மாதிரி தலை. முதலை மாதிரி உடம்பு. தண்ணீரில் தவளைபோல நீந்தும். கரையேறினால் பின்னங்கால்களில் நிமிர்ந்து நடக்கும். அப்போது உயரம் 12, 13 அடி. வெளிர்நீல நிறத்தில் முட்டையிடும். இரையைக் கடித்துக் குதறாது. கட்டிப்பிடித்தே கொன்றுவிடும்! இன்றைக்கு ஒரு திகில் எழுத்தாளர் மூளையைக் கசக்கினாலும் இந்தக் கடைசி விவரம் கிடைப்பது கஷ்டம்.

அடுத்த வருடமே மரம்பிஜ்ஜி ஆற்றங்கரையில் ஒரு விசித்திரமான மண்டையோடு கிடைத்தது. 1847-ல் அதை சிட்னி அருங்காட்சியகத்தில் இரண்டு நாட்கள் வைத்தார்கள். கூட்டம் அள்ளியது. வந்தவர்களில் பலருக்குத் திடீரென்று, தாங்களும் குளத்துப் பக்கம் ராத்திரியில் ஏதோ சத்தம் கேட்டது ஞாபகம் வந்துவிட்டது. கடைசியில் நிபுணர்கள் சொன்னது: ஒருவர் அது ஊனமாகப் பிறந்த குதிரைக்குட்டி என்றார், லண்டனில் இருந்த ரிச்சர்ட் ஓவன் கன்றுக்குட்டி என்றார். அத்தோடு சிட்னிக்காரர்களின் பேச்சில் 'பன்யிப்' என்றால் போலி, டுபாக்கூர் என்று ஓர் அர்த்தமும் சேர்ந்துகொண்டது.

ஆனால் மண்ணுக்குள் கிடந்த மற்ற எலும்புகள் போலி இல்லை. இதே ஓவன்தான் 1838-லேயே வெலிங்டன் குகைகளில் கிடைத்த எலும்புகளை வைத்து 'டிப்ரோடோடான்' என்ற விலங்குக்குப் பெயர் வைத்திருந்தார். நீர்யானை அளவு உடம்பு, இரண்டரை டன்னுக்கு மேல் எடை, வயிற்றில் கங்காருபோலக் குட்டி சுமக்கும் பை. அது அழிந்து 40,000 வருடங்களுக்கு மேல் ஆகிறது. அதாவது, பூர்வகுடிகளின் முன்னோர் அதை உயிரோடு பார்த்திருக்கிறார்கள். பன்யிப் என்பது இந்த விலங்கின் நினைவாக இருக்கலாம் என்று 1871-ல் ஜார்ஜ் பென்னட் என்ற மருத்துவர் எழுதினார்.

இத்தனை ஆயிரம் வருடம் ஒரு நினைவு வாய்வழியாகத் தங்குமா? அது சந்தேகம்தான். ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் கலபோனா என்று ஓர் உப்பு ஏரி. தண்ணீர் தேடி வந்த டிப்ரோடோடான்கள் சேற்றில் சிக்கி, மீள முடியாமல் அங்கேயே செத்திருக்கின்றன. 1893-ல் தோண்டியபோது கூட்டம் கூட்டமாக எலும்புகள். சிலவற்றின் கால்கள், நின்ற நிலையிலேயே களிமண்ணுக்குள் புதைந்திருந்தன. வறண்ட காலத்தில் இப்படி ஒரு ஏரிப்படுகையில் ராட்சதத் தொடை எலும்பு துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற மனிதர் என்ன நினைப்பார்? 'இந்தத் தண்ணீருக்குள் ஏதோ குடியிருக்கிறது' என்றுதானே! அது மூடநம்பிக்கை இல்லை. கையில் இருந்த ஆதாரத்தை வைத்து வந்த நியாயமான முடிவு. பாவம், டிப்ரோடோடான் இலை தழை தின்கிற பிராணி என்பது மட்டும் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

சத்தத்துக்கும் ஆள் உண்டு. சதுப்பில் ஒளிந்து வாழும் பெருநாரை இனப் பறவை ஒன்று, இருட்டில் காளை மாதிரி முழங்கும். அங்கே அதற்குச் செல்லப்பெயரே 'பன்யிப் பறவை'.

எலும்பு, சத்தம், இருட்டு. எழுத்தாளர்கள் விடுவார்களா? 1891-ல் ரோசா பிரெய்ட் 'பன்யிப்' என்றே ஒரு சிறுகதை எழுதினார். காட்டில் முகாமிட்டவர்கள் பன்யிப் கதைகள் பேசிக்கொண்டிருக்கும்போது ஓர் அலறல் கேட்கிறது. தேடிப் போனால், வழிதவறிய ஒரு சிறுமியின் சடலம். பன்யிப் கடைசிவரை கண்ணில் படுவதே இல்லை. அந்தக் கதையின் பலம் அதுதான். 1973-ல் ஜென்னி வாக்னர் எழுதிய குழந்தைகள் புத்தகத்தில் நிலைமை தலைகீழ். சேற்றிலிருந்து எழுந்த பன்யிப், 'நான் யார்?' என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு அலைகிறது. ஒரு விஞ்ஞானி, அப்படி ஒரு பிராணியே இல்லை என்று அதன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார். குழந்தைகள் அதன் கட்சி!

இந்த வரிசையில் ஒரு நெருடல் இருக்கிறது. கதை யாருடையதோ, அவர்கள் பெயர் அட்டையில் இல்லை. 2016-ல் வந்த 'கிளெவர்மேன்' தொலைக்காட்சித் தொடர் அதை மாற்றியது. தன் மகனுக்கு அவன் இனத்திலேயே ஒரு சூப்பர் ஹீரோ வேண்டும் என்று ரயன் கிரிஃபின் என்ற பூர்வகுடிக் கலைஞர் உருவாக்கிய தொடர் அது. அதில் வரும் 'நமரோடோர்' என்ற அரக்கன் உட்பட, பழங்கதைகளைத் தொடுவதற்கு முன் அந்தந்தச் சமூகத்துப் பெரியவர்களிடம் போய் அனுமதி கேட்டார்கள். பயமுறுத்தும் கதைக்குக்கூடவா அனுமதி என்று தோன்றலாம். விக்டோரியா மாநிலத்தின் சாலிக்கம் கதையைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

அங்கே ஓர் ஓடைக்கரையில் பன்யிப் ஒன்று ஒரு மனிதரைக் கொன்றதாம். ஜாப் உரங் மக்கள் அதை ஈட்டியால் குத்திச் சாய்த்தார்கள். அது விழுந்த இடத்தில், அதன் உடம்பைச் சுற்றித் தரையில் கோடு கீறினார்கள். பதினோரு தப்படி நீளம். வருடத்துக்கு ஒருமுறை அங்கே வந்து, புல் மூடிய கோட்டை மறுபடி கீறிப் புதுப்பித்தார்கள். பிறகு அந்த நிலம் ஆட்டுப் பண்ணைக்காரர்கள் கைக்குப் போனது. கீறுவதற்கு வர ஆளில்லை. 1860-களில் ஒருவர் காகிதத்தில் நகலெடுத்த படம் மட்டும் இருக்கிறது. தரையில் இருந்த கோடு இப்போது இல்லை.